கல்யாணச் சமையற்கட்டில் ஒரு பாடம்: ஆட்டிச மூளை எப்படிப் பார்க்கிறது?

மாமா வீட்டுக்குள் நுழைகிறார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்து "வாங்க, வாங்க" என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள ஆறு வயதுப் பையன் மட்டும் அவர் சட்டையின் ஒரு பொத்தானைத் தொட்டுப் பார்க்கிறான். அந்த ஒரு பொத்தான் வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. "வந்தவங்கள நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேங்கிறானே" என்று அம்மா வருத்தப்படுகிறார். "கண்ணுல ஏதும் கோளாறா?" என்று பாட்டி கேட்கிறார்.

அவன் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் பார்க்கவும் செய்கிறான், மற்றவர்கள் விட்டுவிட்டதையும் சேர்த்து. கண்ணுக்குப் பின்னால் மூளையில் நடக்கும் வேலையில்தான் வேறுபாடு.

ஆட்டிசம் என்றதும் பேச்சு, பழக்கம், பிறரோடு சேர்வது என்றே நெடுங்காலம் பேசிவந்தோம். ஆனால் 1943இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 11 குழந்தைகளைக் கவனித்து மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே பார்வையைப் பற்றிய அரிய குறிப்பு ஒன்று இருக்கிறது. தாறுமாறாகக் கிடந்த விளையாட்டுக் கட்டைகளைப் பல நாள் கழித்தும் அந்தக் குழந்தைகள் அதே தாறுமாறில் திரும்ப வைத்தார்கள். எந்தக் கட்டை எங்கே, எந்த நிறம் மேலே, அதிலுள்ள படம் எந்தப் பக்கம் பார்த்தபடி என்பதுகூட மாறவில்லை. அதற்குப் பிறகு 70 ஆண்டுகள் ஆயின, ஒளி, ஒலி, தொடுகை போன்றவற்றை வழக்கத்துக்கு மாறாக உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சேர்த்துக்கொள்ள. அது 2013இல் நடந்தது.

பார்வை எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுக்குப் போவோம். ஆயிரம் பேருக்குச் சமையல். பின்வாசலில் சரக்கு இறங்குகிறது. உக்கிராண அறையில் எண்ணி வாங்கி வைக்கிறார்கள். காய் நறுக்குகிறவர்கள் அரிவாள்மனையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டையடுப்பில் அண்டாக்கள் ஏறுகின்றன. நடுவில் மாஸ்டர் நிற்கிறார். கடைசியில் பந்தியில் இலை நிறைகிறது. நாம் "பார்க்கிறோம்" என்று சொல்வது அந்த நிறைந்த இலையைத்தான். அதற்கு முன்னால் நடக்கும் வேலையை ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

பின்வாசல்: எல்லோருக்கும் ஒரே சரக்கு

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் ஒரு கண்ணுக்கு 10 கோடிக்கும் மேல் இருக்கின்றன. அங்கிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பிலோ ஏறத்தாழ 10 லட்சம் இழைகள்தான். அதாவது இறக்கும்போதே தரம் பிரித்து, கட்டி, சுருக்கித்தான் சரக்கு உள்ளே போகிறது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இங்கேயே வேறுபாடு இருக்குமோ என்று ஆராய்ந்தார்கள். அவர்களுடைய கண்ணுக்குக் கழுகுப் பார்வை இருக்கிறது என்று 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. அளந்த முறையில் பிழை இருக்கிறது என்று உடனே மறுப்பு வந்தது. பிறகு சரியான கருவிகளோடு அளந்தவர்களுக்குப் பார்வைக் கூர்மையில் வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை. கிட்டப்பார்வை, மாறுகண் போன்றவை ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும் வரலாம், அதற்குக் கண் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் ஆட்டிசப் பார்வையின் தனித்தன்மைக்குக் காரணம் பின்வாசலில் இல்லை.

பார்வை நரம்பு போய்ச் சேரும் முக்கிய இடம் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ். இதுதான் உக்கிராண அறை. ஒரு வியப்பான செய்தி இங்கே இருக்கிறது. தலாமஸின் பார்வைப் பகுதிக்கு வந்துசேரும் நரம்பு இணைப்புகளில் கண்ணிலிருந்து வருபவை ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடுதான். மீதியெல்லாம் மூளையின் மற்ற பகுதிகளிலிருந்து, குறிப்பாக மேலே இருக்கும் பார்வைப் பகுதிகளிலிருந்து, வருகின்றன. உக்கிராணக்காரர் காதில் பின்வாசல் சத்தத்தைவிட உள்ளேயிருந்து வரும் "அத எடு, இத வை" என்ற உத்தரவுகளே அதிகம் விழுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போவதற்கெல்லாம் இதுதான் அடிப்படை.

நறுக்குகிறவர்களும் அடுப்புகளும்

அடுத்து சரக்கு தலையின் பின்பக்கத்துக்குப் போகிறது. அங்கே பிடரி மடலில்தான் பார்வைப் புறணி இருக்கிறது. 1959இல் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனையின் மூளையில் இந்த இடத்தை ஆராய்ந்து, ஒவ்வொரு நரம்புச் செல்லும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோட்டுக்கு மட்டுமே துடிப்பதைக் கண்டார்கள். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பீன்ஸுக்கு ஒருவர், வாழைக்காய்க்கு ஒருவர், பூசணிக்கு ஒருவர் என்று உட்கார்ந்திருக்கும் வரிசை இது. ஒரு முகமோ மரமோ இங்கே முகமாகவோ மரமாகவோ இருப்பதில்லை. விளிம்புகளாக, சாய்வுகளாக, ஒளிநிழல் திட்டுகளாக நறுக்கப்படுகிறது.

பிறகு அடுப்புகள். நிறத்துக்கென ஒரு பகுதி, அசைவுக்கென ஒரு பகுதி, முகத்துக்கென ஒரு பகுதி என்று வேலை பிரிகிறது. பார்வைக்காக உழைக்கும் பகுதிகள் 30 வரை எண்ணப்பட்டிருக்கின்றன. எல்லாம் ஒன்று சேர்ந்தால்தான் "இவர் மாமா" என்ற இலை நிறையும்.

மாஸ்டரின் கணக்கு

கைதேர்ந்த மாஸ்டர் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆயிரம் பேருக்கு எவ்வளவு பருப்பு, சாம்பார் எந்தப் பதத்தில் இறங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். "எல்லாம் வழக்கம்போலத்தானப்பா?" என்பார். "ஆமாண்ணே" என்று பதில் வந்தால் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். "அண்ணே, தயிர் புளிச்சிருக்கு" என்று குரல் வந்தால் மட்டும் எழுந்து போவார்.

மூளையும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது இன்று நரம்பியலில் செல்வாக்குள்ள கருத்து. மேலிருக்கும் பகுதிகள் "இப்போது இன்னது வரும்" என்று எதிர்பார்ப்பைக் கீழே அனுப்புகின்றன. கீழிருக்கும் பகுதிகள் எதிர்பார்ப்போடு பொருந்தாததை மட்டும் மேலே அனுப்புகின்றன. பொருந்தியது ஓசையின்றி அடங்கிவிடுகிறது.

செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்ணில் படாமல் போவது இதனால்தான். எந்தச் சொல் வரும் என்று மூளை முன்பே முடிவு செய்துவிட்டது, எழுத்து மாறியிருந்ததை அது பொருட்படுத்தவில்லை. அந்தி வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி கண்ணுக்குச் செம்மஞ்சளாகத்தான் வருகிறது, ஆனாலும் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. தினமும் நுழையும் வீட்டு வாசலில் சுவரின் விரிசலை நாம் பார்ப்பதே இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பார்வை என்பது பாதி வந்த சரக்கு, பாதி மாஸ்டரின் கணக்கு. உழைப்பை இது பெருமளவு மிச்சப்படுத்துகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, உலகத்தின் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே கடந்துபோவது.

ஆட்டிச மூளையில் என்ன மாறுகிறது?

2012இல் ஆய்வாளர்கள் லிஸ் பெல்லிகானோவும் டேவிட் பர்ரும் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். ஆட்டிசத்தில் எதிர்பார்ப்பின் பிடி தளர்ந்திருக்கிறது, அதனால் வந்த சரக்கு வந்தபடியே இலையில் ஏறுகிறது என்றார்கள். மாஸ்டர் தன் கணக்கைக் குறைவாக நம்புகிறார், மூட்டைகளை ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பார்க்கிறார். 2014இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாண்டர் வான் டி க்ரூஸும் அவருடைய குழுவினரும் இதையே மறுமுனையிலிருந்து பார்த்தார்கள். எதிர்பார்ப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கீழிருந்து வரும் ஒவ்வொரு முறையீட்டுக்கும் ஒரே அளவு கனம் கொடுக்கப்படுகிறது என்றார்கள். "கல்லுப்பு கொஞ்சம் பெருசா இருக்குண்ணே" என்பதற்கும் "கேஸ் கசியுதுண்ணே" என்பதற்கும் மாஸ்டர் ஒரே வேகத்தில் ஓடுகிறார். அதே ஆண்டு எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா குழுவினரும் ஆட்டிசத்தின் பல கூறுகளை முன்கணிப்பில் உள்ள வேறுபாடாக விளக்கலாம் என்று எழுதினார்கள்.

சோதனைகளும் இதற்கு வலுச் சேர்க்கின்றன. சற்றே கோணலாக்கப்பட்ட முகப் படத்தை நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாதாரண முகத்தைப் பார்த்தால், அது எதிர்ப்பக்கம் கோணலாகத் தெரியும். மூளை தன் அளவுகோலைச் சற்றுமுன் பார்த்ததற்கு ஏற்ப நகர்த்திவிட்டது என்பதற்கு இது அடையாளம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த வகை நகர்வு குறைவு என்று பெல்லிகானோ குழுவினர் 2007இல் காட்டினார்கள். முந்தைய பந்தியின் சுவை அடுத்த பந்தியின் தீர்ப்பை அவ்வளவாக மாற்றவில்லை. 2017இல் ரெபெக்கா லாசன் குழுவினர் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் செய்த சோதனையில், அவர்கள் உலகத்தை எந்நேரமும் மாறக்கூடியதாகக் கணிக்கிறார்கள் என்று தெரிந்தது. எதுவும் மாறலாம் என்று நினைக்கிற மாஸ்டர் எந்த மூட்டையையும் பிரிக்காமல் விட மாட்டார்.

தினமும் அதே தட்டு, பள்ளிக்கு அதே தெரு, அலமாரியில் அதே வரிசை என்று ஒரு குழந்தை பிடிவாதம் பிடிப்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. மூட்டைகளையெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டிய சமையற்கட்டில், சரக்கு மாறாமல் வருவது ஒன்றுதான் ஆறுதல்.

காய் ஒவ்வொன்றும் கண்ணில் படும்

ஒரு குழந்தைத் தள்ளுவண்டியின் கோட்டுப் படம். அதற்குள் ஒரு முக்கோணம் ஒளிந்திருக்கிறது. முழுப் படத்தின் இழுப்பிலிருந்து கண்ணை விடுவித்தால்தான் முக்கோணம் தெரியும். இந்த வகைச் சோதனையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்ததை அமிட்டா ஷாவும் ஊட்டா ஃப்ரித்தும் 1983இல் வெளியிட்டார்கள். 1993இல் கட்டைகளை அடுக்கி ஒரு வடிவத்தை உருவாக்கச் சொன்னார்கள். அதிலும் ஆட்டிசம் உள்ளவர்கள் முந்தினார்கள். மாதிரி வடிவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியபோது மற்றவர்களுக்குத்தான் வேலை பெரிதும் எளிதாயிற்று. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அந்த உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அவர்கள் ஏற்கனவே துண்டுகளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃப்ரித் இதை முழுமையை நோக்கிய இழுப்பு குறைவாக இருப்பது என்று விளக்கினார். மாண்ட்ரியலின் லோரான் மோட்ரோன் குழுவினர் அதைக் குறைபாடாகச் சொல்வதை ஏற்கவில்லை. நறுக்கும் வரிசையே வலுவானது, அது தன் வேலையைத் தாண்டிச் சமையலிலும் பங்கெடுக்கிறது என்பது அவர்கள் கருத்து. அந்தக் குழுவில் ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான மிஷெல் டாசனும் இருந்தார். 2007இல் டாசன் வெளியிட்ட ஆய்வில், பேச்சை நம்பியிருக்கும் வழக்கமான அறிவுத்திறன் தேர்வில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பெற்ற இடத்தைவிட, ரேவன் என்ற வடிவப் புதிர்த் தேர்வில் பெற்ற இடம் சராசரியாக 30 நூற்றுமான நிலைகள் உயர்ந்திருந்தது. எந்தத் தேர்வால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு குழந்தை "மந்தம்" என்றோ "திறமைசாலி" என்றோ ஆகிவிடுகிறது.

2009இல் இசபெல் சூலியேர் குழுவினர் அதே வகைப் புதிர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் தீர்க்கச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் துல்லியம் குறையாமல் 40 விழுக்காடு வரை வேகமாக முடித்தார்கள். அவர்களுடைய பிடரி மடல் கூடுதலாக உழைத்தது. 2012இல் 26 ஸ்கேன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் முகம், பொருள், சொல் என எதைப் பார்த்தாலும் மூளையின் பின்பகுதிகளில் செயல்பாடு அதிகம், முன்மடலில் குறைவு என்ற போக்கு தெரிந்தது. நறுக்குமிடத்திலேயே பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது.

லண்டன் ஓவியர் ஸ்டீவன் வில்ட்ஷயர் 2005இல் ஹெலிகாப்டரிலிருந்து டோக்கியோவைப் பார்த்துவிட்டு, நினைவிலிருந்தே 10 மீட்டர் நீளத்துக்கு அந்த நகரத்தை வரைந்தார். ஆட்டிசம் உள்ளவர்களில் அப்படிப்பட்ட வித்தகர்கள் மிகச் சிலர். ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு வில்ட்ஷயரைத் தேடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி. ஆனால் நுணுக்கத்தை நோக்கிய சாய்வு அவர்களில் பலரிடம் இருக்கிறது. துணியில் நெசவுக் குறை, கணினி நிரலில் பிழை, எக்ஸ்ரேயில் மெல்லிய கீறல் ஆகியவற்றைக் கண்டுபிடிக்க அப்படிப்பட்ட கண் நமக்குத் தேவை.

இலை நிறைய நேரம் ஆகும்

சின்னச் சின்ன "ட" எழுத்துகளை அடுக்கிப் பெரிய "ப" ஒன்றை வரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எது முதலில் தெரியும்? பெரும்பாலோருக்குப் பெரிய "ப". இந்த வகைப் படத்தை 1977இல் டேவிட் நவோன் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு "ட" மட்டும்தான் தெரியும், "ப" தெரியாது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல.

2015இல் ரூத் வான் டெர் ஹாலன் குழுவினர் 56 ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு முழுமை தெரியாமல் போவதில்லை, அது தெரிய அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்பதே தெளிவாகக் கிடைத்த முடிவு. சுற்றியிருக்கும் நுணுக்கங்கள் குறுக்கிட்டால் இன்னும் தாமதமாகிறது. அசைவிலும் இதே கதை. திரையில் பல நூறு புள்ளிகள் சிதறி நகர, மொத்தத்தில் அவை எந்தப் பக்கம் போகின்றன என்று கரோலின் ராபர்ட்சன் குழுவினர் 2012இல் கேட்டார்கள். ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரமே காட்டியபோது ஆட்டிசம் உள்ளவர்கள் திணறினார்கள். ஒன்றரை நொடி காட்டியபோது வேறுபாடு மறைந்தது.

மாஸ்டரின் கணக்கை நம்பிப் பரிமாறும் பந்தியில் இலை சட்டென்று நிறைந்துவிடும். எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் பரிமாறும் பந்தியில் முதலில் உப்பு, ஊறுகாய், பிறகு பொரியல் என்று ஒவ்வொன்றாக வரும். காத்திருந்தால் முழு இலையும் வரும். நாம் பெரும்பாலும் காத்திருப்பதில்லை. ஊறுகாய் வந்ததைப் பார்த்ததுமே "இவனுக்கு இவ்வளவுதான்" என்று எழுந்துவிடுகிறோம்.

அடங்காத சத்தம்

நல்ல சமையற்கட்டில் ஒருவர் பேசும்போது பக்கத்திலிருப்பவர் குரலைத் தணிப்பார். மூளையிலும் சில நரம்புச் செல்கள் துடிக்கும்போது அண்டைச் செல்களை அடக்குகின்றன. அதற்கு உதவும் வேதிப்பொருள் காபா. இந்த அடக்கும் வேலையை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கண்ணுக்கு ஒரு படமும் மறு கண்ணுக்கு வேறு படமும் காட்டினால் இரண்டும் மாறி மாறித் தெரியும். ஒன்று மேலே வர மற்றது அடங்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த மாற்றம் மெதுவாக நடக்கிறது, ஒன்று முழுதாக அடங்காமல் இரண்டும் கலந்து தெரியும் நேரமும் அதிகம் என்று ராபர்ட்சன் குழுவினர் கண்டார்கள். 2016இல் அவர்கள் காபாவையும் அளந்தார்கள். மற்றவர்களிடம் பார்வைப் புறணியில் உள்ள காபாவின் அளவும் படம் மாறும் விதமும் பொருந்திப்போயின. ஆட்டிசம் உள்ளவர்களிடம் காபா இருந்தது, ஆனால் அந்தப் பொருத்தம் இல்லை.

லண்டனில் அன்னா ரெமிங்டன் குழுவினரின் ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டின. ஒரு வேலையில் மூழ்கும்போது சுற்றுப்புறம் நமக்கு மறைந்துவிடுகிறது, ஏனென்றால் நம் கொள்ளளவு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் கொள்ளளவு பெரிது. அதே வேலையைச் செய்துகொண்டே அவர்கள் சுற்றியிருப்பதையும் உள்வாங்குகிறார்கள். வகுப்பில் "கவனம் சிதறுது" என்று ஆசிரியர் எழுதும் குறிப்புக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பெரிய அண்டா. அதில் கரும்பலகையும் விழுகிறது, மின்விசிறியின் நிழலும் விழுகிறது, முன்வரிசைப் பையனின் சட்டைக் கோடும் விழுகிறது.

ஒரு ஜவுளிக்கடையையோ திருவிழாக் கூட்டத்தையோ இந்தக் கண்ணோடு நினைத்துப் பாருங்கள். நூறு புடவையின் ஜரிகை, ஓடும் வண்ண விளக்குகள், கண்ணாடியில் பிரதிபலிப்பு, நகரும் தலைகள் என ஒன்றுகூட அடங்காமல் எல்லாம் மாஸ்டரைக் கூப்பிடுகின்றன. பழைய சோக் வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. பெரும்பாலோர் உணராத அந்த மினுங்கலே தங்களைத் துன்புறுத்துவதாக ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு அடம் என்று பெயர் வைக்காதீர்கள். எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் பொங்குகிறது, அணைக்க வேறு வழி அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை.

முகம் என்னும் பெரிய அண்டா

ஒரு முகத்தில் கண், புருவம், உதடு, கன்னத் தசை எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று தொடர்புடன் அசைகின்றன. ஒரு நொடிக்குள் பொருள் மாறிவிடுகிறது. நுணுக்கங்களைத் தனித்தனியாகக் கையாளும், முழுமைக்கு நேரம் கேட்கும் சமையற்கட்டுக்கு இதைவிடக் கடினமான பதார்த்தம் கிடையாது. கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தால் சுமை குறைகிறது.

ஹார்வர்டைச் சேர்ந்த நூஷின் ஹஜிகானி குழுவினர் 2017இல் இதை ஸ்கேனில் பார்த்தார்கள். முகப் படங்களில் கண் பகுதியையே பார்க்கும்படி செய்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா உள்ளிட்ட ஆழ்பகுதிகள் அளவுக்கு மீறித் துடித்தன. கண்ணைப் பார்க்காமல் இருப்பதை அலட்சியம் என்றும் பாசமின்மை என்றும் படித்துவந்தோம். சூட்டிலிருந்து கையை எடுப்பதற்கு நெருக்கமான செயல் அது. "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று தாடையைப் பிடித்துத் திருப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையற்கட்டு எங்கே பொருந்தாது?

மூளையில் மாஸ்டர் என்று ஒருவர் கிடையாது. எதிர்பார்ப்பும் சரிபார்ப்பும் ஒவ்வொரு படியிலும் நடக்கின்றன. உக்கிராணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, நறுக்குகிறவருக்கும் உண்டு. வேலை ஒன்றன்பின் ஒன்றாகவும் நடப்பதில்லை. எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன.

ஆட்டிசமும் ஒரே அச்சில் வார்த்ததல்ல. ஒரு குழந்தை வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடும், இன்னொன்று வெளிச்சத்தைத் தேடி விரலை ஆட்டி ரசிக்கும். ஒரே குழந்தையே காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் இருக்கும். இங்கே சொன்ன ஆய்வுகள் எல்லாம் கூட்டங்களின் சராசரியைச் சொல்பவை. சில சோதனைகள் மற்றவர்கள் திரும்பச் செய்தபோது அதே அளவில் கிடைக்கவில்லை. எதிர்பார்ப்பின் பிடி தளர்ந்ததா, முறையீட்டின் கனம் கூடியதா, அடக்கும் நரம்புகளின் வேலை மாறியதா என்ற விவாதமும் ஆய்வாளர்களிடையே இன்னும் நடக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்லக்கூடியது கடைசியில் அந்தக் குழந்தைதான்.

வீட்டிலும் வகுப்பிலும்

சமையற்கட்டை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். சரக்கு இறங்கும் வேகத்தை மாற்றலாம். படிக்கும் மேசைக்கு எதிர்ச்சுவரில் படங்களும் அட்டவணைகளும் இல்லாமல் வெறுமையாக விடுங்கள். மினுங்கும் டியூப்லைட்டை மாற்றுங்கள், முடிந்தவரை பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள். வகுப்பில் ஜன்னலும் கதவும் கண்ணில் படாத இடம் கொடுங்கள். ஒரு தாளில் பத்துக் கணக்கு இருந்தால் ஒன்பதை வெள்ளைத் தாளால் மூடி ஒன்றை மட்டும் காட்டுங்கள்.

நாளைக்கு ஊருக்குப் போகப்போகிறீர்கள் என்றால் பேருந்து நிலையம், அத்தை வீடு, படுக்கும் அறை ஆகியவற்றின் புகைப்படங்களை இன்றைக்கே காட்டுங்கள். இல்லாத கணக்கை முன்கூட்டியே கையில் கொடுப்பது அது. பேசும்போது பக்கத்தில் உட்காருங்கள், எதிரில் நின்று கண்ணைப் பார்க்கச் சொல்லாதீர்கள். பார்வை வேறெங்கோ இருக்கும்போதுதான் பல குழந்தைகள் நன்றாகக் கேட்கிறார்கள். பேச்சுக்கு முன்பு படத்தால் புரியவையுங்கள், நறுக்கும் வரிசையின் பலம் அங்கேதான் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் கொடுங்கள். ஒரு கேள்வி கேட்டால், ஒரு படத்தைக் காட்டினால், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் கேள்வியைத் திருப்பிக் கேட்காதீர்கள், வேறு சொற்களில் மாற்றிக் கேட்காதீர்கள். ஒவ்வொரு மறுமுறையும் புதிதாக இறங்கும் இன்னொரு மூட்டை. தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கேட்கும் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை, கொடுக்கும் பள்ளி அதைச் சலுகை என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கில் தவறிய விடையை ஒன்றரை நொடியில் சரியாகச் சொன்னவர்களின் சோதனை முடிவு நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தைத் தராமல் ஒரு பிள்ளையின் அறிவை அளந்தால், நாம் அளப்பது நம்முடைய பொறுமையின் அளவைத்தான்.